கொச்சியில் இரண்டு இரவுகள்: எங்கே தங்குவது, எதை விடுவது?

கேள்வி: அடையாற்றுக்கரை

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரி மாத இறுதியில் நானும் என் கணவரும், எழுபது வயதைக் கடந்த என் மாமியாரையும் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு கொச்சிக்குச் சென்று வரலாம் என்று எண்ணியிருக்கிறோம். வியாழக்கிழமை மாலை சென்னை சென்ட்ரலில் வண்டி ஏறி, வெள்ளிக்கிழமை காலை எர்ணாகுளத்தில் இறங்கி, ஞாயிறு மாலை வண்டியில் திரும்புவதாகத் திட்டம்.

பழைய துறைமுக நகரத்தை நிதானமாகப் பார்ப்பதுதான் எங்கள் நோக்கம். மகள் வரலாற்றுப் பாடத்தில் வாஸ்கோ ட காமாவைப் பற்றிப் படித்துவிட்டு, அவரைப் புதைத்த தேவாலயத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். மாமியாருக்கு மூட்டுவலி உண்டு. மெல்ல நடப்பார், படி ஏறுவதுதான் கடினம். அவர் சைவ உணவு மட்டுமே உண்பவர். நாங்கள் விசாரித்த பயண ஏற்பாட்டாளர் ஒருவர், மூன்று நாள் இருக்கும்போது மூணாறையும் ஆலப்புழையையும் சேர்க்காமல் விடுவது வீண் என்கிறார். எர்ணாகுளத்தில் தங்கினால் வசதி என்றும் சொல்கிறார். கொச்சியை நன்கு அறிந்தவர்கள், எங்கே தங்குவது, எந்த நாளில் எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடலாம் என்று வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: மிளகுக்கொடி

வணக்கம் அம்மா. வேலை நிமித்தமாகப் பல ஆண்டுகள் எர்ணாகுளத்தில் வாழ்ந்துவிட்டு இப்போது அண்ணா நகரில் இருக்கிறேன். உங்கள் திட்டத்தைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது இடங்களைப் பற்றி அல்ல, கிழமைகளைப் பற்றித்தான். சென்னையிலிருந்து செல்பவர்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு என்றுதான் விடுப்பு எடுக்கிறார்கள். ஆனால் பழைய கொச்சியின் ஒரு பகுதியான மட்டாஞ்சேரியில் பார்க்க வேண்டிய இரண்டு முதன்மையான இடங்களும் அந்த நாள்களில்தான் மாறி மாறி மூடியிருக்கும். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்கு அருகிலேயே இருக்கும் யூதர்களின் ஜெப ஆலயம், அவர்களுடைய ஓய்வுநாளான சனிக்கிழமை திறக்காது. வெள்ளி பிற்பகலையும் நம்பிச் செல்லக் கூடாது. உங்கள் மகள் கேட்ட புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் ஞாயிறு காலை வழிபாடு நடப்பதால், அந்த நேரத்தில் சுற்றிப்பார்க்கச் செல்வது முறையாகாது. இதை அறியாமல் வந்து, பூட்டிய கதவின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பும் நம் ஊர்க் குடும்பங்களை அங்கே வார இறுதிதோறும் காணலாம்.

எனவே வெள்ளிக்கிழமையை முழுவதுமாக, பழைய நகரத்தின் கடற்கரைப் பகுதியான ஃபோர்ட் கொச்சிக்கு ஒதுக்குங்கள். ஞாயிறு காலையை மட்டாஞ்சேரிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரண்டு இடங்களும் திறந்திருக்கும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உங்கள் மாமியாரும் மெல்ல நடந்துவிடலாம். பத்து மணிக்கே சென்றுவிடுவது நல்லது. ஜெப ஆலயத்தை நண்பகலில் ஒரு மணிக்கு மூடிவிட்டு மூன்று மணிக்குத்தான் மீண்டும் திறப்பார்கள். அங்கே காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்தியிருக்க வேண்டும். அரண்மனையில் காட்சிக் கூடங்கள் மாடியில் இருக்கின்றன, கீழ்த்தளச் சுவரோவிய அறைகளுக்கு இறங்கும் படிகள் செங்குத்தானவை. மாமியார் மாடியிலுள்ள பள்ளியறையின் இராமாயண ஓவியங்களை மட்டும் பார்த்தாலே போதும். மற்றவர்கள் கீழே இறங்கிப் பார்த்துவரும் வரை அவர் மேலேயே அமர்ந்திருக்கட்டும்.

தங்குவதற்கு என் பரிந்துரை ஃபோர்ட் கொச்சிதான். அந்த ஊரின் அழகு காலை ஏழு மணிக்கு முன்னும் மாலை ஐந்து மணிக்குப் பின்னும் தெருக்களில் இருக்கிறது. நீருக்கு அப்பால் எர்ணாகுளத்தில் தங்குபவர்கள் வெயில் ஏறிய பிறகு வந்து, இருட்டும் முன் படகைப் பிடிக்க ஓடிவிடுகிறார்கள். பெரிய மழைமரங்களின் கீழே அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றியிருக்கும் தெருக்களில் பழைய வீடுகள் பல, குடும்பத்தினரே நடத்தும் ஹோம்ஸ்டேக்களாக மாறியிருக்கின்றன. முன்பதிவு செய்யும்போது தரைத்தளத்தில் அறை வேண்டும் என்று தொலைபேசியிலேயே உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் இவ்வீடுகளின் மரப்படிகள் குறுகலும் செங்குத்துமானவை. மற்றொன்று: அங்கே பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பன்னாட்டுக் கலைக் கண்காட்சி, டிசம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். அது நடக்கும் ஆண்டு என்றால் அறைகளுக்கு மிகுந்த தட்டுப்பாடு இருக்கும், இப்போதே பதிவுசெய்துவிடுங்கள்.

மூணாறை மறந்துவிடுங்கள். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம், அதுவும் மலைப்பாதை. மூட்டுவலி உள்ளவரை அவ்வளவு நேரம் வண்டியில் உட்கார வைப்பது அவருக்குச் செய்யும் கொடுமை.

மறுமொழி: பயணப்பை

மேலே எழுதியவரின் கிழமைக் கணக்கை முழுமையாக ஏற்கிறேன். தங்குமிடத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. என் பெற்றோரை அழைத்துச் சென்றபோது நாங்கள் எர்ணாகுளத்தில், கடற்கரைச் சாலைக்கு அருகில் தங்கினோம். மின்தூக்கி உள்ள விடுதி, எந்த நேரமும் கிடைக்கும் சைவச் சாப்பாடு, அவசரம் என்றால் அருகிலேயே பெரிய மருத்துவமனைகள் என்ற மூன்றும் முதியவர்களுடன் செல்பவர்களுக்குச் சிறிய விஷயங்கள் அல்ல. ரயில் நிலையமும் பக்கம், ஆகவே பெட்டிகளுடன் அலைய வேண்டியதில்லை.

எங்கே தங்கினாலும் வாட்டர் மெட்ரோவில் ஒருமுறையாவது செல்லுங்கள். 2023 ஏப்ரலில் தொடங்கிய இந்தப் படகுப் போக்குவரத்து, உயர் நீதிமன்ற நிலையத்திலிருந்து ஃபோர்ட் கொச்சி வரை நீண்டிருக்கிறது. மின்கலத்தில் ஓடுவதால் இரைச்சலோ டீசல் நெடியோ இல்லை, உள்ளே குளிர்சாதன வசதி உண்டு. முதியவர்களுக்கு முக்கியமானது, ஏறும் மேடை நீரில் மிதப்பதாக அமைந்திருப்பது. ஏற்றவற்றத்துக்கு ஏற்ப மேடையும் உயர்ந்து தாழ்வதால் படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன, சக்கர நாற்காலியைக்கூட அப்படியே உருட்டிச் செல்லலாம். மாநில அரசின் பழைய படகுகளில் பயணம் இதைவிட மிக மலிவு; ஆனால் ஆடும் படகின் விளிம்பைத் தாண்டிக் கால் வைக்க வேண்டும்.

ஆட்டோக்காரர்கள் சிலர் மிகக் குறைந்த கட்டணத்தில் ஊர் முழுவதும் சுற்றிக்காட்டுவதாக அழைத்து, வழியில் கைவினைப் பொருள் கடைகளில் நிறுத்தி விடுவார்கள். அங்கே எதையாவது வாங்கச் சொல்லி வற்புறுத்துவார்கள், நேரமும் போய்விடும். கடைகளுக்குப் போகக் கூடாது, போக வேண்டிய இடங்கள் இவை என்று ஏறும் முன்பே பேசி முடித்துக்கொள்ளுங்கள். அப்படித் தெளிவாகப் பேசியபின் எங்களுக்குக் கிடைத்த ஓட்டுநர், என் தந்தையின் கையைப் பிடித்துப் படியேற்றிவிடும் அளவுக்கு அன்பானவராக இருந்தார்.

மறுமொழி: கலங்கரை

வணக்கம். சென்னைத் துறைமுகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன், இராயபுரத்துக்காரன். உங்கள் மகள் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர் என்று எழுதியிருப்பதால், அவரை மனத்தில் வைத்துச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

முதலில், ஃபோர்ட் கொச்சியில் நம் புனித ஜார்ஜ் கோட்டையைப் போன்ற ஒன்றைத் தேட வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிடுங்கள். போர்த்துகீசியர் 1503இல் எழுப்பிய இம்மானுவேல் கோட்டையை 1663இல் டச்சுக்காரர் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயரிடம் வந்தது. அவர்கள் பின்னர் அதைத் தகர்த்துவிட்டார்கள். இன்று கடற்கரையோரம் எஞ்சியிருப்பவை சில கற்களும் அடித்தளத் துண்டுகளும்தான். கோட்டை போனாலும் அதற்குள் இருந்த தெருக்களும் தேவாலயமும் நின்றுவிட்டன. இந்தப் பகுதி கொச்சி அரசரின் ஆட்சிக்கு வெளியே, ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில், சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது என்பதும் நம்மவர் பலருக்குத் தெரியாத செய்தி. அக்காலத்தில் ஃபோர்ட் கொச்சிக்காரரின் தலைநகரம் நம் சென்னைதான்.

வாஸ்கோ ட காமா 1498இல் வந்திறங்கியது கொச்சியில் அல்ல, கோழிக்கோட்டுக்கு அருகில். மூன்றாம் முறை இந்தியாவுக்கு அரசப் பிரதிநிதியாக வந்தபோது, 1524 டிசம்பர் 24 அன்று கொச்சியில் இறந்தார். அவரைப் புதைத்தது புனித பிரான்சிஸ் தேவாலயத்தில். எச்சங்களை 1539இல் போர்த்துகல்லுக்குக் கொண்டுசென்றுவிட்டார்கள். ஆகவே உங்கள் மகள் காணப்போவது கல்லறையை அல்ல, கம்பி வேலியிட்டுக் காத்துவரும் கல்லறை இருந்த இடத்தை. இதை முன்கூட்டியே சொன்னால் ஏமாற்றம் இராது. அவருடைய பார்வையை நான் திருப்ப விரும்புவது அந்தத் தேவாலயத்தின் சுவர்களை நோக்கி. தரையிலிருந்து பெயர்த்தெடுத்த போர்த்துகீசிய, டச்சுக் கல்லறைப் பலகைகளை அங்கே பதித்திருக்கிறார்கள். கத்தோலிக்கராகிய போர்த்துகீசியர் முதலில் மரத்தால் எழுப்பி, பின்னர் 1516இல் கல்லால் கட்டிமுடித்த இக்கோயில், டச்சுக்காரர் காலத்தில் சீர்திருத்தச் சபைக்கும், ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலிக்கன் சபைக்கும் கைமாறி, இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கீழ் இருக்கிறது. அந்தத் திருச்சபை 1947 செப்டம்பர் 27 அன்று உருவானது நம் சென்னையில், கதீட்ரல் சாலையின் புனித ஜார்ஜ் பேராலயத்தில்தான். ஒரே கட்டடத்துக்குள் நாலரை நூற்றாண்டு அதிகார மாற்றத்தைக் காட்டும் இடம் தென்னிந்தியாவில் வேறு எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

இனி துறைமுகத்துக்கு வருகிறேன், இது என் தொழில் என்பதால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் சங்கப் பாடல்களில் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கலங்கள் நின்ற முசிறி, பெரியாற்றின் முகத்துவாரத்தில் இருந்தது. 1341இல் அந்த ஆற்றில் வந்த பெருவெள்ளம் அங்கிருந்த துறையைத் தூர்த்துவிட்டு, தெற்கே கொச்சியின் கழிமுகத்தை அகலமாக்கியது என்பதே பொதுவாக வரலாற்றாசிரியர் கூறுவது. அதாவது கொச்சித் துறைமுகம் ஆறு கொடுத்தது. நம் சென்னைக்கு அந்தப் பேறு இல்லை. திறந்த கடலில் அலைதடுப்புச் சுவர் எழுப்பியே துறைமுகம் அமைத்தோம், அதையும் 1881இன் புயல் சிதைத்தபின் மீண்டும் கட்ட வேண்டியிருந்தது.

கொச்சிக்கும் ஒரு குறை இருந்தது. முகத்துவாரத்தின் குறுக்கே கிடந்த மணல்திட்டால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் வெளிக்கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. 1920இல் அங்கே வந்த பொறியாளர் இராபர்ட் பிரிஸ்டோ அந்தத் திட்டை வெட்டிக் கால்வாய் அமைத்தார். 1928 மே 26 அன்று பத்மா என்ற நீராவிக் கப்பல் உட்துறைமுகத்துக்குள் நுழைந்தது. தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கியதுதான் வில்லிங்டன் தீவு; பிரிஸ்டோ வந்தபோது சென்னை மாகாண ஆளுநராக இருந்த வில்லிங்டன் பிரபுவின் பெயர் அது. எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் செல்லும்போது அந்தத் தீவைக் கடந்துதான் செல்வீர்கள். மகளுக்குச் சுட்டிக்காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை மாலை கடற்கரை நடைபாதைக்குப் போங்கள். மெரினாவை எண்ணிக்கொண்டு போனால் அங்கே மணற்பரப்பு மிகக் குறுகலாகத் தெரியும், குளிப்பதற்கும் ஏற்ற கடல் அல்ல. ஆனால் எதிரே தெரியும் வைப்பின் தீவின் கரைக்கும் நமக்கும் இடையிலுள்ள வாய்க்கால்தான் துறைமுகத்தின் ஒரே வாயில். வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையத்துக்குச் செல்லும் பெருங்கப்பல்கள் கூப்பிடு தூரத்தில் நம் கண்முன்னே கடந்து செல்லும். வாழ்நாள் முழுவதும் கப்பல் பார்த்த எனக்கே அங்கிருந்து எழுந்து வர மனம் வரவில்லை.

சீன வலைகளும் அதே கரையில்தான் உள்ளன. நெடுங்கழிகளின் முனையில் விரிந்து தொங்கும் வலையை நீருக்குள் இறக்கி, சில நிமிடங்கள் கழித்து, கயிறுகளில் கட்டிய கற்களின் எதிர்ப்பாரத்தைத் துணையாகக் கொண்டு நாலைந்து பேர் இழுத்து உயர்த்துவார்கள். ஒரு கல் மேடையைத் தொட்டபின் அடுத்த கல் தொங்கத் தொடங்குவதால் வலை படிப்படியாகச் சீராக ஏறுகிறது; இயற்பியல் படிக்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. நீரேற்றம் இருக்கும் வேளையில்தான் வலை இறங்கும், ஆதலால் ஏற்றவற்ற நேரத்தை விடுதியில் கேட்டுக்கொண்டு செல்லுங்கள். மீனவர்கள் உங்களையும் கயிறு இழுக்க அழைப்பார்கள். இழுத்தால் அவர்களுக்கு ஏதாவது கொடுப்பது வழக்கம். இன்று அவர்களுக்குக் கிடைக்கும் மீன் மிகக் குறைவு என்பதால் தயங்காமல் கொடுங்கள்.

அடையாற்றுக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா எழுதியதை என் மகள் இருமுறை படித்துவிட்டு, தன் குறிப்பேட்டிலும் எழுதிக்கொண்டாள். ஃபோர்ட் கொச்சியிலேயே தரைத்தள அறை ஒன்றைப் பேசிவிட்டோம். படிகள் இல்லை என்று வீட்டுக்கார அம்மாள் உறுதி சொல்லியிருக்கிறார். இப்போது எஞ்சியிருப்பது சனிக்கிழமை. ஆலப்புழையில் படகு வீட்டில் பகல் பொழுதைக் கழிக்கலாம் என்பது என் கணவரின் விருப்பம். முசிறி இருந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது மகளின் விருப்பம். எது உகந்தது? மேலும் ஃபோர்ட் கொச்சியில் மாமியாருக்குச் சைவ உணவு கிடைக்குமா?

மறுமொழி: மிளகுக்கொடி

உணவைப் பற்றிக் கவலை வேண்டாம் அம்மா. ஃபோர்ட் கொச்சியின் சுற்றுலா உணவகங்கள் பெரும்பாலும் மீனை நம்பியவை என்பது உண்மை. ஆனால் பத்து நிமிட ஆட்டோ தூரத்தில் மட்டாஞ்சேரியின் குஜராத்தி தெரு இருக்கிறது. மிளகும் சுக்கும் வாங்கி விற்க வந்து தலைமுறைகளாக அங்கேயே தங்கிவிட்ட குஜராத்திகளும் சமணர்களும் வாழும் தெரு அது. அவர்களுடைய இனிப்புக் கடைகளும் சைவச் சாப்பாட்டு இடங்களும் அங்கே உண்டு. அருகில் செர்லாய் பகுதியில் கோவாவிலிருந்து போர்த்துகீசியருக்கு அஞ்சி வந்த கொங்கணி மக்கள் கட்டிய திருமலை தேவஸ்வம் கோயில் இருக்கிறது. உங்கள் மாமியார் அங்கே வேங்கடாசலபதியைத் தரிசிக்கலாம். கேரளச் சாப்பாட்டில் சிவப்பரிசிச் சோறு பழக்கமில்லாதவர்களுக்குச் செரிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அவருக்கு வெள்ளைச் சோறு வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், எங்கும் தருவார்கள்.

சனிக்கிழமைக்கு நான் உங்கள் மகளின் பக்கம். ஆலப்புழைப் படகு வீடு தனியாக ஒரு பயணத்துக்கு உரியது. ஒரு நாள் பயணமாகச் சென்றால் சாலையிலேயே பாதி நேரம் போகும். அதற்குப் பதிலாகக் காலையில் வண்டியோடு ரோரோ படகில் ஏறி ஐந்தே நிமிடத்தில் வைப்பினுக்குக் கடந்து, தீவின் வடமுனைவரை சென்று பள்ளிப்புறம் கோட்டையைப் பாருங்கள். போர்த்துகீசியர் காலத்தின் சிறிய அறுகோணக் கட்டடம் அது, அரைமணி நேரம் போதும். அங்கிருந்து வடக்கன் பரவூர், அதன் அருகில் பட்டணம். கேரள வரலாற்று ஆராய்ச்சிக் குழுவினர் 2007 முதல் அகழ்ந்து, ரோமானிய மதுச் சாடித் துண்டுகளையும் மணிகளையும் எடுத்த ஊர் அதுதான். முசிறி அங்கேதான் இருந்தது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது, அறிஞர்களிடையே வாதம் தொடர்கிறது. நேரில் சென்றால் தென்னந்தோப்புகளும் வீடுகளுமே தெரியும், குழிகளை மூடிவிட்டார்கள் என்பதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். பரவூரில் பழைய ஜெப ஆலயம் ஒன்றைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். திறக்கும் நேரத்தை மட்டும் புறப்படும் முன் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். கணவருக்கு நீரும் தென்னையும் வேண்டும் என்றால் வழியெல்லாம் அதுதான். திரும்பும்போது செராய் கடற்கரையில் மாலை வெயிலில் அமரலாம்.

வெள்ளி மாலை கதகளி பார்க்க நினைத்தால், ஆட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்லுங்கள். ஒப்பனை போடுவதையும் பார்வையாளர் முன்னிலையிலேயே செய்வார்கள். மாமியாருக்கு முன்வரிசை நாற்காலியும் கிடைக்கும்.

மறுமொழி: கலங்கரை

ஞாயிறு காலை ஜெப ஆலயத்துக்குள் செல்லும்போது உங்கள் மகளுக்குச் சொல்ல ஒன்று விடுபட்டுவிட்டது. 1568இல் அரண்மனையை ஒட்டிய நிலத்தில் எழுந்த அந்த ஆலயத்தின் தரையில் சீனாவிலிருந்து வந்த நீலவண்ண ஓடுகளையும், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளையும் எல்லாரும் பார்ப்பார்கள். அந்தச் சமூகத்தார் போற்றிக் காத்த செப்பேடுகளைப் பற்றிக் கேட்பவர் குறைவு. சேர மன்னன் பாஸ்கர இரவிவர்மன், ஏறத்தாழ கி.பி. 1000இல், யூத வணிகர் தலைவர் ஒருவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிய சாசனம் அது. எழுத்து, நம் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளில் காணும் வட்டெழுத்து. மொழியும் தமிழறிந்தவர் படித்தால் பெரும்பகுதி புரியக்கூடிய அக்கால மலைநாட்டு வழக்கு. மன்னன் அப்போது முயிரிக்கோட்டில் இருந்தான் என்று சாசனம் கூறுகிறது. சங்கப் பாடல்களின் முசிறிதான் அது என்பர். சனிக்கிழமை பரவூருக்குச் சென்று வந்த பிள்ளைக்கு இது நன்றாகவே பிடிபடும்.

ஞாயிறு நண்பகலில் உங்களுக்கு நேரம் மிஞ்சினால், ஃபோர்ட் கொச்சியில் வேளி மைதானத்துக்கு அருகிலுள்ள சலவைக்கூடத்துக்குச் சென்றுவாருங்கள். ஐரோப்பியப் படையினரின் உடைகளை வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துச் சென்ற வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே வெளுக்கிறார்கள். கஞ்சி போட்ட துணிகளை, இரட்டையாக முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு இடையே செருகி, கிளிப்பு எதுவும் இல்லாமல் காயவைப்பார்கள். தமிழில் பேசினால் மகிழ்ந்து பேசுவார்கள். வேலைசெய்யும் இடம் என்பதால், கேட்டுக்கொண்டு உள்ளே செல்வதும், அனுமதித்தால் மட்டும் படம் எடுப்பதும் முறை. அங்கிருந்து நேராக எர்ணாகுளம் நிலையத்துக்கு ஒரு மணி நேரமாவது கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஞாயிறு மாலையில் தோப்பும்படி வழியாகச் செல்லும் சாலை நெரிசலாக இருக்கும், படகுத்துறையிலும் வரிசை நீளும்.